வீட்டில் மருந்துகளைப் பிழையின்றிக் கொடுப்பது எப்படி: வட சென்னைக் குடும்பங்களுக்கு ஒரு மருந்தாளுநரின் வழிகாட்டி

தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ வாழும், அறுபது வயதைக் கடந்த ஒருவருக்குச் சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் இருந்தால், அவருடைய மருந்துகள் ஒரே இடத்திலிருந்து வருவது அரிது. சர்க்கரை மாத்திரையை மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்குகிறார். அல்லது 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர் அதை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார். நெஞ்சுவலிக்காக ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மாதந்தோறும் வேறு சில மாத்திரைகளைப் பெறுகிறார். காய்ச்சலுக்கும் மூட்டுவலிக்கும் தெருமுனைக் கிளினிக்குக்குப் போகிறார். வயிற்று எரிச்சல் என்றால் மெடிக்கலில் சொல்லி ஒரு கேஸ் மாத்திரை வாங்கிக்கொள்கிறார். இந்த நான்கு இடங்களிலும் எவரும் தம் வேலையில் தவறாமல் இருக்கலாம்; ஆனாலும் நான்கையும் ஒருசேரப் பார்ப்பவர் ஒருவரும் இல்லை. மருந்தாளுநராக நான் பார்க்கும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன. வீட்டில் ஒருவர் இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டால் அவற்றில் பலவற்றைத் தடுக்க முடியும் என்பதால், அந்த ஒருவருக்காக இதை எழுதுகிறேன்.

பட்டியலைத் தயாரித்தல்

முதலில் வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும் ஒரே பையில் சேர்க்க வேண்டும். டி.வி. மேசையில் கிடக்கும் அட்டை, பூஜை அலமாரியில் வைத்த அட்டை, ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும் இன்சுலின், கண் சொட்டு மருந்து, இன்ஹேலர், வலிக்குத் தடவும் களிம்பு, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சூரணம், பக்கத்து வீட்டார் நல்லெண்ணத்தோடு கொடுத்த இரண்டு மாத்திரைகள் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்படும் பொருள்களைத்தான் முதலில் பையில் போட வேண்டும். பெயரோ உட்பொருளோ அச்சிடப்படாத பொட்டலப் பொடிகளைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். மூட்டுவலிக்கென்று விற்கப்படும் இத்தகைய சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது முன்பு கண்டறியப்பட்டிருக்கிறது.

பிறகு ஒரு தாளில் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு வரி எழுத வேண்டும். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது நிறுவனம் வைத்த பெயர். அதற்கு அருகிலோ கீழேயோ சிறிய எழுத்தில் இருப்பதே மருந்தின் உண்மையான பெயர். பட்டியலில் அந்தச் சிறிய எழுத்துப் பெயர்தான் இடம்பெற வேண்டும். எடுத்துக்காட்டாக, "மெட்ஃபார்மின் 500 மி.கி., காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுடன், சர்க்கரைக்காக, ஆரம்ப சுகாதார நிலையம், ஜனவரி முதல்" என்று ஒரு வரி அமையலாம். எதற்காகச் சாப்பிடுகிறோம், யார் எழுதிக் கொடுத்தார், எப்போதிலிருந்து என்ற மூன்றையும் பலர் விட்டுவிடுகிறார்கள்; ஆனால் புதிய மருத்துவர் ஒருவர் எதை நிறுத்தலாம், எதைத் தொடரலாம் என்று முடிவெடுக்க அவைதான் உதவும். நிறுத்தப்பட்ட மருந்தை அழித்துவிடாமல், ஒரு கோடு கிழித்து, நிறுத்திய தேதியையும் காரணத்தையும் எழுதி வைக்க வேண்டும். "இருமல் வந்ததால் நிறுத்தியது" என்ற மூன்று சொற்கள், அதே மருந்தை இன்னொரு மருத்துவர் மீண்டும் எழுதுவதைத் தடுத்துவிடும். தாளின் தலைப்பில் ஒவ்வாமை உள்ள மருந்துகளின் பெயர், உடல் எடை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் கடைசியாகப் பார்த்த அளவு ஆகியவை இருந்தால், அளவைச் சரிபார்க்கும் மருந்தாளுநருக்கும் அது பெரிய உதவி. பட்டியலைக் கைப்பேசியில் படம் எடுத்து வைப்பது நல்லது. எனினும் தாளும் நோயாளியின் சட்டைப்பையிலோ கைப்பையிலோ இருக்கட்டும், ஏனெனில் அவசரத்தில் அவரை அழைத்துப் போகிறவரிடம் உங்கள் கைப்பேசி இருக்காது.

மாத்திரையை நிறத்தால் அடையாளம் கண்டுகொள்ளும் பழக்கத்தை வீட்டிலிருந்தே அகற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. "அண்ணே, போன மாசம் கொடுத்த அதே சின்ன மஞ்சள் மாத்திரை கொடுங்க" என்று கேட்பவர்களை நாள்தோறும் பார்க்கிறேன். அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்குகிறது. மருந்தை வழங்கும் நிறுவனம் மாறும்போது அதே மருந்தின் நிறமும் வடிவமும் மாறிவிடுகின்றன. போன மாதம் மஞ்சளாக இருந்த மாத்திரை இந்த மாதம் வெள்ளையாக வந்தால், அதைப் புதிய மருந்து என்று எண்ணிப் பழைய மிச்சத்தோடு சேர்த்து இரண்டையும் விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். மருந்து மாறிவிட்டது என்று அஞ்சி இரண்டையும் விட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள்.

மெடிக்கலில் முழு அட்டை வாங்காமல் நான்கு மாத்திரை மட்டும் வாங்கும்போது, பெயரும் காலாவதித் தேதியும் அச்சான பகுதியைத் தரும்படி கேளுங்கள். அது இயலாதென்றால், உறையின் மேல் மருந்தின் பெயர், அளவு, காலாவதி மாதம் ஆகியவற்றைக் கடைக்காரரிடமே எழுதி வாங்குங்கள். வீட்டிலும் அட்டையிலிருந்து மாத்திரைகளை எடுக்கும்போது, பெயர் உள்ள பகுதி கடைசிவரை மிஞ்சும்படி எதிர்முனையிலிருந்து எடுத்து வர வேண்டும்.

ஒரே மருந்து இரண்டு பெயர்களில்

பட்டியல் தயாரானதும் செய்ய வேண்டிய முதல் வேலை, அதில் ஒரே பெயர் இருமுறை வருகிறதா என்று பார்ப்பது. சுகாதார நிலையத்தில் கிளிமிப்பிரைடு மாத்திரையும் மெட்ஃபார்மின் மாத்திரையும் தனித்தனியாகக் கொடுத்திருப்பார்கள். தனியார் மருத்துவர் இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரையை எழுதியிருப்பார். பழையதை நிறுத்தச் சொன்னது காதில் விழாமல் மூன்றையும் சாப்பிட்டால், கிளிமிப்பிரைடு இரட்டிப்பாகிச் சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். முதியவர்களிடம் இவை தெளிவாகத் தெரியாமல், மதியத்தில் ஒரு மந்தமான உறக்கமாக மட்டும் தோன்றலாம். உண்ட களைப்பு என்று எண்ணி எழுப்பாமல் விடுவதுதான் இதில் பெரிய ஆபத்து.

சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே இறங்கினாலோ, அளக்க வழியில்லாமல் இந்த அறிகுறிகள் தெரிந்தாலோ, நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் சேர்ந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை விரைவாக வேலை செய்யாது. அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பொடி இருக்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல், பக்கவாட்டில் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மருந்துகளால் இறங்கிய சர்க்கரை, ஒருமுறை ஏறிய பிறகும் பல மணி நேரம் கழித்து மீண்டும் இறங்கக்கூடும். ஆதலால் எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்பதற்காக மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

பாராசிட்டமாலும் இப்படித்தான். டோலோ, கால்பால், குரோசின் என்ற பெயர்கள் எல்லாம் அடிப்படையில் பாராசிட்டமாலையே குறிக்கின்றன. சளிக்கென்று வாங்கும் பல கூட்டு மாத்திரைகளிலும் அது இருக்கிறது. 650 மி.கி. மாத்திரை மூன்றும், 500 மி.கி. பாராசிட்டமால் அடங்கிய சளி மாத்திரை மூன்றும் ஒரே நாளில் சாப்பிட்டால் 3,450 மி.கி. உடலில் சேர்ந்துவிடும். நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கே ஒரு நாளின் உச்ச அளவு 4,000 மி.கி.தான். உடல் மெலிந்தவர்களுக்கும், ஈரல் பாதிப்பு உள்ளவர்களுக்கும், நாள்தோறும் மது அருந்துபவர்களுக்கும் பாதுகாப்பான அளவு அதைவிடக் குறைவு என்பதால், அவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும், மக்கள் மருந்தகங்களிலும் மருந்துகள் அவற்றின் உட்பொருள் பெயரிலேயே மலிவாகக் கிடைக்கின்றன. அங்கு வாங்குவதில் தயக்கம் வேண்டாம்; வாங்கி வந்ததும் வீட்டில் இருக்கும் பழைய அட்டையோடு சிறிய எழுத்துப் பெயரை ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றென்றால் பழையது தீர்ந்த பின்பே புதியதைத் தொடங்கினால் போதும்.

நேரமும் உணவும்

மருந்துச் சீட்டில் 1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. 0-0-1 என்றால் இரவு மட்டும். எஸ்.ஓ.எஸ். என்று எழுதியிருந்தால், தேவைப்படும்போது மட்டும் என்று பொருள். அதை நாள்தோறும் சாப்பிட வேண்டியதில்லை. இவற்றை எல்லோரும் எளிதில் கற்றுக்கொள்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் எடுக்க வேண்டிய மருந்தில்தான் உயிருக்கே தீங்கு நேர்கிறது. முடக்குவாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் கொடுக்கப்படும் மெத்தோட்ரெக்சேட், வாரத்தில் ஒரு நாள் எடுக்க வேண்டியது. அதை நாள்தோறும் எடுத்தால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு, வாய்ப்புண், காய்ச்சல், ரத்தக்கசிவு என்று முற்றி மரணம் வரை கொண்டுபோகும். இந்த மருந்து வீட்டில் இருந்தால், மருத்துவர் சொன்ன கிழமையை அட்டையின் மேலேயே "ஞாயிறு மட்டும்" என்பதுபோல் பெரிதாக எழுதுங்கள். நான்கு வாரத்துக்கு மேல் வாங்கிச் சேர்த்து வைக்காதீர்கள். மற்ற மாத்திரைகள் இருக்கும் டப்பாவில் இதைப் போடாதீர்கள். 60,000 யூனிட் வைட்டமின் டி பொடியும் பெரும்பாலும் வாரம் ஒருமுறைக்கானதே.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபியோ டிபனோ எடுக்க வேண்டும். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. மகப்பேறு மருத்துவமனையில் தரப்படும் இரும்புச் சத்து மாத்திரையை டீயுடனோ கால்சியத்துடனோ சேர்த்து எடுத்தால் உடலில் சேரும் இரும்பு குறைந்துவிடும். இரும்புச் சத்து மாத்திரையால் மலம் கறுப்பாகப் போவது இயல்பு. மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு எடுத்தால் வயிற்றுப் புரட்டல் குறையும். கிளிமிப்பிரைடைக் காலை உணவுக்குச் சற்று முன்பு எடுக்க வேண்டும். ஆனால் சாப்பாடு தயாராகித் தட்டில் வந்த பிறகே மாத்திரையைக் கையில் எடுப்பது நல்லது, ஏனெனில் மாத்திரை போட்டுவிட்டு ரேஷன் கடை வரிசைக்குப் போனவர்கள் மயங்கி விழுவது புதிதல்ல. எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். என்ற எழுத்துகள் பெயரோடு சேர்ந்து வரும் மாத்திரைகளைப் பொடி செய்யவோ மெல்லவோ கூடாது. நாள் முழுதும் மெல்ல வெளிவர வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் வெளிவந்துவிடும்.

வலி மாத்திரை

இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குபவர்கள், துறைமுகத்தில் சுமை இறக்குபவர்கள், எண்ணூர், மணலி ஆலைகளில் நின்றபடியே வேலை செய்பவர்கள் ஆகியோருக்கு முதுகுவலியும் முழங்கால்வலியும் பிழைப்போடு சேர்ந்தே வருகின்றன. ஒரு நாள் விடுப்பு எடுத்தால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால், மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் அல்லது அசிக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் இந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. வெயிலில் வியர்த்து, தண்ணீர் குறைவாகக் குடித்து வேலை செய்யும் உடலில் அந்தப் பாதிப்பு கூடுகிறது. ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், டெல்மிசார்டன் போன்ற மருந்தும், நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர் அவற்றோடு வலி மாத்திரையையும் சேர்த்தால், சில நாட்களிலேயே சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். இவை ரத்த அழுத்தத்தையும் உயர்த்தும். இதய நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு அபாயத்தைக் கூட்டும். ஆஸ்பிரினோடு சேரும்போது இரைப்பையில் ரத்தக்கசிவை உண்டாக்கும்.

எனவே ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகம், இதயம் ஆகியவற்றில் எதற்கேனும் மருந்து எடுப்பவர்கள், வலிக்கு முதலில் பாராசிட்டமாலையும், தடவும் களிம்பையும், ஒத்தடத்தையும் நாட வேண்டும். அவை போதவில்லை என்றால், மருத்துவரிடம் பட்டியலைக் காட்டிக் கேட்டபின், மிகக் குறைந்த நாட்களுக்கு மட்டும் வலி மாத்திரை எடுக்கலாம். மெடிக்கலில் "வலிக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்பதற்குப் பதிலாக, "பிரஷர் மாத்திரையும் ஆஸ்பிரினும் சாப்பிடுகிறேன், அதோடு சேரும் மாத்திரை எது" என்று கேட்டால், கடையில் இருக்கும் மருந்தாளுநர் யோசித்துச் சொல்ல இடம் கிடைக்கும்.

வாந்தியும் பேதியும் கண்ட நாட்களில் இதே எச்சரிக்கை இன்னும் கடுமையாகப் பொருந்தும். உடலில் நீர் வற்றிய நிலையில் மெட்ஃபார்மின், டபாக்ளிஃப்ளோசின் ஆகிய சர்க்கரை மருந்துகள், நீர் பிரியும் மாத்திரை, மேலே சொன்ன ரத்த அழுத்த மருந்துகள் ஆகியவற்றை அன்று தொடரலாமா என்று மருத்துவரிடம் உடனே கேட்டுவிட வேண்டும்.

பக்க விளைவை நோய் என்று எண்ணுதல்

மணலியிலும் எண்ணூரிலும் வறட்டு இருமல் வந்தால், எவரும் ஆலைப் புகையைத்தான் காரணமாகச் சொல்வார்கள். பல வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மருந்துகளும் சளியே இல்லாத, விடாத வறட்டு இருமலை உண்டாக்கும். மருந்து தொடங்கிச் சில வாரங்களோ மாதங்களோ கழித்தும் அது வரலாம். அதற்கு இருமல் மருந்து வாங்கி, அந்த இருமல் மருந்தால் தூக்கம் வந்து, தூக்கக் கலக்கத்தில் முதியவர் விழுந்து எலும்பு முறியும் வரை சங்கிலி நீள்கிறது. கன்டெய்னர் லாரி ஓட்டுபவர் அத்தகைய மருந்தைக் குடித்துவிட்டு வண்டி எடுத்தால் ஆபத்து அவரோடு நிற்பதில்லை. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் எடுப்பவர்களுக்குக் கணுக்கால் வீங்குவதும், அதைச் சிறுநீரகக் கோளாறு என்று அஞ்சி நீர் பிரியும் மாத்திரை கேட்பதும் இதே வகைதான். புதிய தொந்தரவு ஒன்று தோன்றும்போது, கடந்த மூன்று மாதங்களில் தொடங்கிய மருந்து எது என்று பட்டியலின் தேதியைப் பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்குச் சிறுநீரும் கண்ணீரும் செம்மஞ்சளாகும். இதற்கு அஞ்சி மருந்தை விடக் கூடாது. ஆனால் ரிஃபாம்பிசின் மற்ற பல மருந்துகளின் வலிமையைக் குறைத்துவிடும். கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் வார்ஃபரின், சில சர்க்கரை மாத்திரைகள் ஆகியவை அவற்றுள் அடங்கும். காசநோய் மருந்து தொடங்கும் நாளிலேயே முழுப் பட்டியலையும் அங்கு காட்டிவிட வேண்டும்.

இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள், பல் பிடுங்குவதற்காகவோ வேறு சிகிச்சைக்காகவோ, ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது.

இன்சுலின்

இந்தியாவில் இன்சுலின் இரண்டு செறிவுகளில் கிடைக்கிறது. புட்டிகளில் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட். பேனாக்களிலும் சில புட்டிகளிலும் 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 100-க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் புட்டியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால், உடலுக்குள் போவது 50 யூனிட். இது உயிரைப் பறிக்கும் அளவு. சிரிஞ்சு வாங்கும் ஒவ்வொரு முறையும் புட்டியைக் கையோடு கொண்டுபோய், புட்டியின் எண்ணும் சிரிஞ்சின் எண்ணும் ஒன்றுதானா என்று கடையிலேயே பார்த்து வாங்க வேண்டும். மருத்துவமனையில் இன்சுலின் வகையை மாற்றியிருந்தால், வீட்டில் மிஞ்சிய பழைய சிரிஞ்சுகளை அன்றே அகற்றிவிடுங்கள். கலங்கலாக இருக்கும் கலப்பு இன்சுலினை, சீராக வெண்மையாகும் வரை உள்ளங்கைகளுக்கு இடையே மெதுவாக உருட்ட வேண்டும், குலுக்கக் கூடாது. குத்தும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஏனெனில் ஒரே இடத்தில் குத்தித் தடித்துப்போன தோலில் மருந்து சீராக இறங்காது.

திறக்காத புட்டிகளை 2 முதல் 8 டிகிரி வெப்பத்தில், ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வைக்க வேண்டும்; ஃபிரீசருக்கு அருகில் வைத்து உறைந்துபோனால் அதைப் பயன்படுத்தவே கூடாது. திறந்த புட்டியை ஏறக்குறைய நான்கு வாரங்கள் வெளியே வைத்துப் பயன்படுத்தலாம் என்று உள்ளே இருக்கும் தாள் சொல்லும். ஆனால் அது 25 அல்லது 30 டிகிரிக்குள் இருக்கும் அறையைக் கருதிச் சொல்லப்பட்டது. கத்திரி வெயிலில் தகரக் கூரை வீட்டுக்குள் அந்த வெப்பநிலையை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், புட்டியை நீர் புகாத சிறு டப்பாவில் இட்டு, ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வைக்கலாம். கடலோரத்தின் ஈரக்காற்றில் பானை அதிகம் குளிராது என்பதையும் கருத வேண்டும். ஆகவே ஒரே ஒரு புட்டியை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டு, மற்றவற்றைத் தேவைப்படும்போது வாங்குவதே பாதுகாப்பு. திறந்த தேதியைப் புட்டியின் மேல் எழுதி வையுங்கள்.

குழந்தைகளுக்கு

பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லிலிட்டரில் 100 மி.கி. இருக்கிறது. சிரப்பில் ஐந்து மில்லிலிட்டரில் 120 மி.கி. அல்லது 250 மி.கி. இருக்கிறது. பத்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மி.கி. என்று வைத்தால், சொட்டு மருந்தில் அது ஒன்றரை மில்லிலிட்டர், 250 சிரப்பில் மூன்று மில்லிலிட்டர், 120 சிரப்பில் ஏறக்குறைய ஆறு மில்லிலிட்டர். புட்டியைப் பார்க்காமல் "அஞ்சு எம்.எல். கொடு" என்று அத்தை தொலைபேசியில் சொன்னதைக் கேட்டுச் சொட்டு மருந்தில் ஐந்து மில்லிலிட்டர் கொடுத்தால், 500 மி.கி. போய்விடும். எடையைச் சொல்லி, கையில் இருக்கும் புட்டியைக் காட்டி, எத்தனை மில்லிலிட்டர் என்று மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டு, புட்டியின் மேலேயே எழுதிக்கொள்ளுங்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம். மூடியோடு வரும் அளவியையோ ஊசியில்லாத சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள். குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் எச்சரித்திருக்கிறது.

இன்ஹேலருக்காகக் கொடுக்கப்படும் கேப்சூல்களை வாய்வழி விழுங்கும் மாத்திரை என்று எண்ணி விழுங்கிவிடுபவர்கள் பெரியவர்களிலும் உண்டு. அவை கருவியில் இட்டு உறிஞ்ச வேண்டியவை. ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாள்

பட்டியல் மிகவும் தேவைப்படுவது அன்றுதான். டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வாங்கியதும் கிளம்பிவிடாமல், பழைய பட்டியலை அதனருகில் வைத்து, மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: எந்த மருந்து புதியது, எந்த மருந்தின் அளவு மாறியிருக்கிறது, எதை நிறுத்த வேண்டும். பழைய பட்டியலில் இருந்து புதிய சீட்டில் இல்லாத மருந்து, வேண்டுமென்றே நிறுத்தப்பட்டதா, விடுபட்டுப் போனதா என்று தெளிவாகக் கேட்டு விடை பெறாமல் வீட்டுக்கு வரக் கூடாது. சீட்டில் எழுத்து புரியவில்லை என்றால், ஊகித்துப் படிக்காமல், எழுதியவரிடமோ மருந்தகத்திலோ வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு புதிய பட்டியலை எழுதி, பழையதில் தேதியிட்டு "இது இனி வேண்டாம்" என்று குறித்து ஒதுக்கிவிடுங்கள்.

ராயபுரம், மண்ணடி, வண்ணாரப்பேட்டைப் பகுதிகளில் ரமலான் நோன்பு இருக்கும் சர்க்கரை நோயாளிகள், நோன்பு தொடங்குவதற்கு ஓரிரு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்து அளவுகளை மாற்றிக்கொள்ள வேண்டும்; காலை மாத்திரையை அப்படியே விடியலுக்கு முந்தைய சஹர் உணவுக்குத் தள்ளிவிடுவது பகலில் சர்க்கரையைத் தாழ்த்திவிடும். விரல் நுனியில் ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. அளவு 70-க்குக் கீழே போனாலோ 300-க்கு மேலே ஏறினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும்.

மழைக்காலத்துக்கு முன்பு, இரண்டு வாரத்துக்கான மருந்துகளையும் பட்டியலின் நகலையும் நீர் புகாத பையில் போட்டு உயரமான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் தெருக்களில் நின்ற நாட்களில், கையிருப்பு இல்லாதவர்கள் பட்ட பாடு இப்பகுதியில் எல்லோருக்கும் தெரியும். வெள்ளநீரில் நனைந்த மருந்து அட்டைக்குள் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் பயன்படுத்த வேண்டாம்.

தெரிவித்தலும் அகற்றுதலும்

மருந்து எடுத்த பிறகு முகமோ உதடோ வீங்கினாலும், மூச்சுத் திணறினாலும், உடலெங்கும் தடிப்போடு வாயிலும் கண்ணிலும் புண் வந்தாலும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவருக்கு மலம் தார்போல் கறுத்தாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எடுத்த மருந்தின் அட்டையையும் கொண்டுசெல்ல வேண்டும். பின்னர் அதை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில், 2010-இல் தொடங்கப்பட்ட இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிக்கலாம். நோயாளியின் குடும்பத்தினரே தெரிவிக்கலாம். மருந்துதான் காரணம் என்று உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, சந்தேகமே போதும்.

காலாவதியான மாத்திரைகளைக் கழிப்பறையிலோ பக்கிங்காம் கால்வாயிலோ கொட்டாதீர்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, டீத்தூள் கழிவோடு கலந்து, கட்டிய பையில் வீட்டுக் குப்பையோடு கொடுங்கள். பிள்ளைகளோ நாய்களோ எடுத்துவிடாமல் இருக்கும். இன்சுலின் ஊசிகளை எக்காரணம் கொண்டும் குப்பைப் பையில் நேரடியாகப் போடக் கூடாது. வெறும் கையால் குப்பையைத் தரம் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரலில் அவை ஏறும். மூடி திருகிய தடித்த பிளாஸ்டிக் புட்டியில் சேர்த்து, அதன் மேல் "ஊசி" என்று எழுதி, முக்கால் பங்கு நிறைந்ததும் இறுக மூடி, நீங்கள் சிகிச்சை பெறும் சுகாதார நிலையத்திலோ கிளினிக்கிலோ கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.